நட்சத்திரப் புத்தகத்தில் ஹுஸ்னியா ‘வரவில்லை’ என்று எழுதப்பட்டது தொடர்பாக

அனுப்புநர்:
அபூதாஹிர் பரீனா,
தரம் 10 மாணவி,
திருகோணமலை.
(பாடசாலையின் பெயரைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்துள்ளேன்.)

பெறுநர்:
வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
வலயக் கல்விப் பணிமனை,
திருகோணமலை.

விடயம்: நன்னடத்தைத் திட்டத்தின் பெயரால் ஒரு மாணவி களஞ்சிய அறையில் பூட்டப்படுவதை எதிர்வரும் புதன்கிழமைக்கு முன் நிறுத்தக் கோருதல்

மதிப்புக்குரிய ஐயா,

நடந்தவற்றை உள்ளது உள்ளபடி, எனக்குப் பாதகமானவற்றையும் சேர்த்து, இம்மனுவில் பதிவு செய்கிறேன்.

1. இத்தவணை எமது பாடசாலையில் நன்னடத்தை நட்சத்திரத் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. ஒவ்வொரு வகுப்புக்கும் முப்பது நட்சத்திரங்கள். புதன்கிழமைகளில் பரிசோதனைக் குழுவினர் வகுப்பு வகுப்பாக வந்து சப்பாத்து, நகம், தலைமுடி பார்ப்பார்கள். ஒருவரில் குறை கண்டால் வகுப்புக்கு ஒரு நட்சத்திரம் அழிக்கப்படும். தவணை முடிவில் முதலாவதாக வரும் வகுப்பு இயந்திரப் படகில் துறைமுகத்தைச் சுற்றிப் பார்க்கலாம். என் கையெழுத்து தெளிவானது என்பதால் எங்கள் வகுப்பின் நட்சத்திரப் புத்தகம் என்னிடம் தரப்பட்டது. அன்று மிகவும் சந்தோஷப்பட்டேன்.

2. எங்கள் வகுப்பு மாணவி ஹுஸ்னியா, இறக்கக்கண்டி என்ற கடலோரக் கிராமத்திலிருந்து வருபவள். பஸ் ஏறுமுன் தகப்பனின் தோணியிலிருந்து மீன் இறக்க உதவுவாள். எவ்வளவு கழுவினாலும் அவளது வெள்ளைச் சப்பாத்தில் உப்புநீர்க் கறை போவதில்லை. அதனால் நான்கு நட்சத்திரங்கள் போயின. “எங்கட வாப்பாட தோணியில வாங்கடி, ஹாபர் முழுக்கச் சும்மா சுத்திக் காட்டுவார்” என்று அவள் சொன்னாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

3. பாடசாலைக்கு வராதவர்களுக்காக நட்சத்திரம் குறைவதில்லை. ஆகவே ஜூன் 11ஆம் திகதி வகுப்புத் தலைவி நஸ்ரின் அவளை ஆய்வுகூடக் களஞ்சிய அறைக்குக் கூட்டிச் சென்று, “ஒரு பாடந்தானே, உள்ளுக்க இரி. அவங்க போன உடனே வந்து தொறக்கன்” என்று சொல்லிப் பூட்டினாள். கதவுக்கு மேலுள்ள இடைவெளியால் வெளிச்சம் தெரியும் என்பதால், வெளியே இருந்த சுவிட்சில் மின்விளக்கு அணைக்கப்பட்டது. நட்சத்திரப் புத்தகத்தில் ‘வரவில்லை’ என்று நான் எழுதினேன். ஆசிரியரின் வரவு இடாப்பில் அன்று அவள் வந்திருக்கிறாள். இரண்டையும் தாங்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

4. பரிசோதனை 9.20க்கு முடிந்தது. கதவைத் திறக்குமுன் நஸ்ரின் வலைப்பந்துப் பயிற்சிக்கு அழைக்கப்பட்டாள். சாவி அவளிடம் இருந்தது. அந்த அறை எங்கள் வகுப்புச் சுவருக்குப் பின்னால் உள்ளது. தட்டும் சத்தம் கேட்டது. ஆசிரியைக்குக் கேட்காதிருக்க நாங்கள் பாடத்தை உரத்து வாசித்தோம். பிறகு தட்டுவது நின்றது. அப்போதுதான் எனக்குக் கூடுதலான பயம் வந்தது. 10.50க்குத் திறந்தபோது ஹுஸ்னியா தலைமுக்காட்டின் நுனியைக் கடித்தபடி நிலத்தில் இருந்தாள். “ஸ்டார் குறைஞ்சதா?” என்று மட்டும் கேட்டாள்.

குறையவில்லை. மறுநாள் காலைக் கூட்டத்தில் எங்கள் வகுப்பைப் பாராட்டினார்கள். ஹுஸ்னியாவும் கைதட்டினாள்.

5. ஜூன் 18ஆம் திகதி அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மணி அடித்ததும் தானாக எழுந்து அந்த அறைக்குள் போனாள். முன்போலவே கதவு பூட்டப்பட்டது. அன்று தட்டும் சத்தமே கேட்கவில்லை. 25ஆம் திகதியும் போவாள். உள்ளே அவளுக்கு ஏதும் நடந்தாலும் இனி எங்களுக்குத் தெரியவராது என்று பயப்படுகிறேன்.

6. ஆசிரியர்களுக்கு இது தெரியாது. அவர்கள் மீது நான் குறை கூறவில்லை. திட்டத்தை நிறுத்தும்படியும் கேட்கவில்லை. கால் முறிந்த ஒரு மாணவியின் புத்தகப் பையை இரண்டு மாதமாக மாடிக்குச் சுமப்பவள் ஹுஸ்னியா. அதை எழுத என் புத்தகத்தில் ஒரு நிரல் இல்லை. நட்சத்திரங்களை அழிப்பதற்குப் பதிலாக, இப்படியானவற்றுக்குக் கொடுக்கலாம் அல்லவா? ஒருவரின் குறைக்காக முழு வகுப்புக்கும் குறைக்க வேண்டாம் என்று தாங்கள் பணித்தாலே போதும்.

புதன்கிழமைக்கு முன் யாரையாவது அனுப்பி வைக்கும்படி மன்றாடிக் கேட்கிறேன். என் பெயரைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம். நஸ்ரின் என் பக்கத்துக் கதிரையில் இருப்பவள்.

தங்கள் பதிலுக்குப் பயத்துடன் காத்திருக்கும்,
அ. பரீனா

இடம்: திருகோணமலை
திகதி: 2025.06.20

பி.கு.: மூன்றாம் பந்தியில் ‘மின்விளக்கு அணைக்கப்பட்டது’ என்று எழுதியுள்ளேன். திருத்தி எழுதக் கை வரவில்லை. இரண்டு புதன்கிழமைகளிலும் அதை அணைத்தவள் நான்.