ஜானவாசக் காரும் நான் வைத்த கூலரும்

மாப்ளே,

இன்று காலை மன்னார்புரம் முனையில் ஒரு பெரிய கார் என் பக்கத்தில் வந்து நின்றது. அடியிலிருந்து கியர் ஆயில் கருகும் நாற்றம். டிரைவரிடம் சொல்ல வாயெடுத்தேன். உன் முகம் நினைவுக்கு வந்தது, பேசாமல் வந்துவிட்டேன். செத்து ஒரு வருஷம் ஆகியும் என் வாயை அடைக்கிறாய் பார், அந்தக் கோபத்தில்தான் பேனாவை எடுத்தேன்.

லால்குடி நிலத்தை விற்று அந்தப் பழைய அமெரிக்கக் காரை வாங்கினாய். மேல்துணியை மடக்கிவிட்டால் ரதம்தான். கிளட்ச் கிடையாது, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். அதற்கு வைத்தியம் தெரிந்தவன் திருச்சியில் நான் ஒருவன்தான். ஐந்தாம் கிளாஸோடு நின்றவனிடம் இஞ்சினீயர்கள் வந்து சந்தேகம் கேட்டுப் போனார்கள் என்றால் பார்த்துக்கொள்.

ஸ்ரீரங்கத்தில் ஜானவாசம் என்றால் உன் வண்டிதான். மாப்பிள்ளையை உட்காரவைத்து, முன்னால் நாதஸ்வரம் போக, நடக்கிற வேகத்தில் வீதி சுற்ற வேண்டும். அந்த வேகம்தான் அதற்கு எமன். கியர் பெட்டிக்குள் ஆயில் சுழன்று சுழன்று கொதிக்கும். பாதி ஊர்வலத்திலேயே திணறும்.

காந்தி மார்க்கெட் பக்கம் பழைய இரும்புக் கடையில், பட்டாள வண்டியிலிருந்து கழற்றிய ஆயில் கூலர் ஒன்றைப் பிடித்தேன். பார்க்கச் சின்ன ரேடியேட்டர் மாதிரி. அதைக் காரின் முன்பக்கக் கிரில்லுக்குப் பின்னால் மாட்டி, கியர் பெட்டியிலிருந்து செப்புக் குழாய் இழுத்துச் சேர்த்தேன். சூடான ஆயில் அதற்குள் வரும். என்ஜின் விசிறி இழுக்கிற காற்றில் ஆறித் திரும்பும். மெட்ராஸ் ராஜ்யத்திலேயே அப்படிச் செய்த முதல் ஆள் நான். ஒரு வெள்ளைக்காரன் குனிந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். "வேர்வை தொடைக்கக் கழட்டினான்டா" என்றாய் நீ. இருக்கட்டும். அந்த சீசன் முழுக்க வண்டி ஒரு தடவைகூடத் திணறவில்லை. அதையாவது ஒப்புக்கொள்.

அப்புறம் வந்தது அந்தச் சித்திரை வீதிக் கல்யாணம். பெண்வீட்டார் காரின் முகத்தையே பூவால் மூடியிருந்தார்கள். பூ வாடாமலிருக்க அதன் பின்னால் வாழையிலை வேறு.

"காத்து போக வழியில்லைங்க. நடுவுல மட்டும் கொஞ்சம் எடுத்துடுங்க" என்றேன் பெண்ணின் அப்பாவிடம்.

"மாப்பிள்ளை ஏறப்போற வண்டி ஓய். பூவைப் பிய்க்கச் சொல்றீரே" என்றார்.

உன்னைப் பார்த்தேன். "கம்முனு இருடா. உன் டப்பாவுக்கு மூச்சு முட்டுதாக்கும்" என்றாய். கூட்டம் சிரித்தது.

மேற்கு மூலையில் வண்டி புகைந்து நின்றது. கோட்டும் சூட்டும் போட்ட மாப்பிள்ளை இறங்கி நடந்தான். நாதஸ்வரக்காரர் வாசிப்பதா நிறுத்துவதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். நீ அத்தனை பேர் முன்னால் என்னைக் கைகாட்டி, "இவன் வச்ச டப்பாதான் ஸ்வாமி கெடுத்துடுச்சு" என்றாய்.

மறுநாள் ஊர் பார்க்க உன் கையாலேயே கூலரைக் கழற்றி வீசினாய். "பூவை மட்டும் தள்ளிக் கட்டச் சொல்லுடா, இதைக் கழட்டாதே" என்று தொண்டை கிழியக் கத்தினேன். நீ திரும்பவில்லை. அடுத்த முகூர்த்த சீசனிலேயே கியர் பெட்டி கருகிப்போனது. மாற்றுச் சாமான் பம்பாயில்கூடக் கிடைக்கவில்லை. லால்குடி நிலம் மழையில் நனைந்து துருப்பிடித்தது. நீ யாருடைய லாரியையோ ஓட்டப் போனாய். எனக்கு 'டப்பா மேஸ்திரி' என்று பட்டம். அதற்கப்புறம் நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

உன் காரியம் முடிந்த அன்று உன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பூவாலதான் நின்னுச்சுன்னு அவருக்குத் தெரியும்ண்ணே. கல்யாண வீட்டுப் பூவைக் குத்தம் சொன்னா அப்புறம் ஸ்ரீரங்கத்துல யாரு கூப்பிடுவாங்க? உங்களைச் சொன்னா நீங்க தாங்கிக்குவீங்கன்னாரு. உங்க மேல பழியைப் போட்டுட்டு அந்த டப்பாவை வண்டியிலயே வச்சிருந்தா யாரு நம்புவாங்கன்னுதான் கழட்டினாரு."

அட முட்டாளே. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே சித்திரை வீதியில் நின்று "என் தப்புதான் ஸ்வாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பேன். அதையும் நாலு தெரு பேசுகிற மாதிரி செய்திருப்பேன். அப்புறம் யார் கண்ணிலும் படாமல், பேட்டரியில் ஓடும் சின்ன விசிறியோடு, கூலரை வண்டிக்கு அடியில் மாட்டிக் கொடுத்திருப்பேன். எத்தனை முழம் பூ வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும் என்று.

நீ போட்ட பழியை எப்போதோ விட்டுவிட்டேன். மனைவியிடம் சொன்னதை என்னிடம் சொல்லவில்லையே, அது விடமாட்டேன் என்கிறது. கண்ணை மூடினால் அந்த வண்டிக்கு அடியில் படுத்து இடம் தேடிக்கொண்டிருக்கிறேன். இடம் இருந்தது மாப்ளே. வலது பக்கம், பின் சக்கரத்துக்கு முன்னால், நிறைய இடம் இருந்தது.