முதல் கரண்டி

பழநி,
17-3-62

அன்புள்ள அத்தானுக்கு,

லீலா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அத்தையும் பாப்பாவும் நானும் சுகம். கோடைக்கானலில் இன்னும் குளிர் விடவில்லை என்று அந்த பஸ் கண்டக்டர் சொன்னார். சால்வையைக் கொடியிலேயே மறந்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தோடு அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

அங்கே குருநாதன் கடைக்கு சீசன் முழுக்கப் பஞ்சாமிர்த டப்பா கொடுக்கும் பேச்சு முடிந்ததா? முடியவில்லை என்றால் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். நேற்று நம் கடையைப் பூட்டிவிட்டேன். பங்குனி உத்திரக் கூட்டத்தில் பூட்டிக் கிடக்கும் கடை நம்முடையது ஒன்றுதான். அடிவாரமே வேடிக்கை பார்க்கிறது.

கொடுமுடியிலிருந்து தீர்த்தக் காவடியோடு வந்த ஓர் அம்மாள் நேற்றுக் காலையில் டப்பாவும் கையுமாக வந்து நின்றார். சண்டைக்கு வந்த முகமாக இல்லை. ஏனுங்க அம்மிணி, இதுல சீமெண்ணெ வாசம் அடிக்குதுங்களே, எனக்கு மட்டுந்தானா என்று கேட்டார். முகர்ந்து பார்த்தேன். அடித்தது. தெரிந்துமா சாப்பிட்டீர்கள் என்றேன். சாமி பேர்ல குடுத்ததைக் கொட்டுனாப் பாவமுங்களே, புள்ளைகளுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் குடுத்தேனுங்க என்றார். உடனே அவரோடு அவர்கள் தங்கியிருந்த மடத்துக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்தேன். வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்திருந்தார்கள். நல்லவேளை, இன்று எழுந்து விளையாடுகிறார்கள்.

வேறு எந்தப் பண்டம் கெட்டிருந்தாலும் விற்றவன் முகத்திலேயே விட்டெறிவார்கள். நம்முடையதை மட்டும் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டுவிடுகிறார்கள். இத்தனை வருஷம் இது எனக்கு உறைக்கவே இல்லையே என்று ஆச்சரியமாக இருக்கிறது.

அப்புறம் ஒரு கேள்வி என்னை விடவில்லை. சாமிக்குப் படைக்காமல் நாம் யாரும் வாயில் வைப்பதில்லை. அப்படியிருக்க, மாமா காலத்தில் பண்டம் நன்றாக இருக்கிறதென்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்? அத்தையிடம் கேட்டேன். அப்போதெல்லாம் ஒவ்வொரு அண்டாவையும் விளக்கேற்றித் தனித்தனியே படைப்பார்களாம். படைத்ததில் முதல் கரண்டி வீட்டுப் பிள்ளைக்கு. அதன் பிறகுதான் கடைக்கு. அந்தப் பிள்ளை நீங்கள். வெள்ளனே எந்திரிச்சுக் குளிச்சுட்டு, ஈரத் தலையோட வந்து கைய நீட்டிட்டு நிப்பான் என்று சொல்லிச் சிரித்தார். அது பக்திக்காகவா, ருசி பார்க்கவா என்று விடாமல் கேட்டேன். என்னத்தா கேள்வி இது, நம்ம புள்ள தின்னாத்தானே அடுத்தவுக புள்ளைக்குக் குடுக்கலாம் என்றார். நாமோ வியாபாரம் பெருகியதும் ஓர் அண்டாவைப் படைத்துவிட்டு, மற்றதையெல்லாம் அப்படியே டப்பாவில் அடைக்கிறோம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஏலக்காய் டின் காலியாகக் கிடந்தது. அண்டாவில் பிசைகிற சின்னக்கருப்பனை விசாரித்தேன். சர்க்கரை மூட்டையில் சீமெண்ணெய் சிந்தியிருந்ததை உங்களிடம் காட்டினானாம். பஸ்ஸுக்குப் புறப்படும் அவசரத்தில், ஏலக்காயைக் கொஞ்சம் தூக்கலாப் போடு என்று சொல்லிவிட்டுப் போனீர்களாம். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. இருந்தாலும் உங்கள் வாயால் கேட்க வேண்டும். கோபத்தில் எழுதவில்லை அத்தான். ஈரத் தலையோடு கை நீட்டி நின்ற பிள்ளையால் இதை எப்படிச் சொல்ல முடிந்தது என்று எனக்கு நிஜமாகவே விளங்கவில்லை. இரண்டு நாளாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அத்தைக்கு இது தெரியாது. சொல்வதானால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மீதியிருந்த டப்பாக்களைக் கொல்லையில் கால் படாத இடமாகப் பார்த்துக் குழி வெட்டிப் புதைத்துவிட்டோம். திங்கட்கிழமை புதுச் சர்க்கரை போட்டு ஓர் அண்டா மட்டும் பிசைந்து படைக்கப் போகிறேன். பாப்பா இப்போதே முதல் கரண்டி தனக்குத்தான் என்று அடம் பிடிக்கிறாள். அப்பா வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தண்டாயுதபாணி துணையிருப்பான், பத்திரமாக மலையிறங்கி வாருங்கள். வந்ததும் குளித்துவிட்டு, அந்த விளக்குக்கு முன்னால் வந்து கையை நீட்டுங்கள். நீங்கள் சாப்பிட்ட பிறகுதான் கடையைத் திறப்பேன்.

தங்கள்
லீலா