ஏற்றாமல் நிற்கும் சமாதான மெழுகுவர்த்தி

அன்பு மகளுக்கு, ஆண்டவர் தயவில் நானும் உன் சித்தியும் சுகம், நீயும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். மரியாதை முடிந்தது, இனி என் கோபத்தைக் கேள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறு வருகிற திருவருகைக் காலத்துக்கு நான்கு மெழுகுவர்த்தி தாங்கும் இரும்பு வளையத்தை இந்த வருடமும் என் பட்டறையில்தான் செய்தேன், பார்க்க ஆயிரம் பேர் கூடினார்கள். இரண்டாம் ஞாயிறு மெழுகுவர்த்தி சமாதானத்துக்கு, யாரோடும் மனக்கசப்பு இல்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னவன்தான் அதை ஏற்றலாம், நம் கோவில் வழக்கம் உனக்குத் தெரியும். இந்த முறை என் பேர் வந்தது. எனக்கு உலகத்திலேயே பகை கிடையாது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன், உடனே உன் சித்தி எழுந்து, அப்புறம் ஏங்க நம்ம பொண்ணு ரெண்டு வருஷமா உங்ககூட பேசல என்று கேட்டாளே பார்க்கலாம். இவள் எனக்குப் பெண்டாட்டியா எதிர்க்கட்சியா? சாமியார் தீப்பெட்டியைப் பிடுங்கி, முதல்ல மனம் திரும்புங்க, அப்புறம் பத்த வைக்கலாம் என்கிறார். அவர் உட்காருகிற இரும்பு நாற்காலியே என் பட்டறையில் நான் பற்றவைத்தது!

உன் மேலும்தான் கோபம். உன் அப்பா, என் அண்ணன், இறந்த பிறகு உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவன் நான், பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் என்று ஊரில் கொஞ்சம் கூட்டிச் சொல்லக்கூடாதா? பேக்கரிக்காரர் அதை நம்பி, நெஞ்சுவலிக்கு உனக்குப் போன் போட்டார், நல்லவேளை நீ விரட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாய், பிழைத்தார். பிறகு என்னிடம், நான் வயசானவங்களைக் குளிப்பாட்டுறவ, அது உங்களுக்கு வெட்கமா சித்தப்பா என்று கேட்டுப் போனை வைத்தவள்தான், அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. அந்தக் கேள்வி இன்னும் முள்ளாகக் குத்துகிறது. யார் மேல் கோபப்பட்டாலும் கடைசியில் என் வாய் மேல்தான் வந்து முடிகிறது.

நேற்று மூன்றாம் ஞாயிறு. அதே எரிச்சலோடு எழுந்து, என் மக டாக்டர் இல்ல, முதியோர் இல்லத்துல குளிப்பாட்டித் தலை துவட்டி விடுறா, நான் சொன்னது பொய், பேக்கரிக்காரரே மன்னிச்சிடுங்க என்று கத்திவிட்டேன். ஆயிரம் பேர், சரி, நாற்பது பேர் இருந்தார்கள். பேக்கரிக்காரர், இப்பத்தான்யா என் நெஞ்சுவலி போச்சு என்று கட்டிப்பிடித்தார். சாமியார் தீப்பெட்டியை நீட்டினார். நான் வாங்கவில்லை, இன்னும் ஒரு ஆள் மன்னிக்கணும் சாமி என்றேன். இரண்டாவதை விட்டுவிட்டு மூன்றாவதை ஏற்றினார்கள்.

இதைக் கூரியரில் போடுகிறேன், சனிக்குள் கிடைக்குமாம். ஞாயிறு பூசையில் போனை அணைக்காமல் சட்டைப்பையில் வைத்திருப்பேன், சாமியார் முறைத்தால் முறைக்கட்டும். ஒரு தடவை போன் அடி, போதும். எந்நேரமும் வெந்நீரில் கிடக்கிற உன் கைகளை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும், வெடிப்புக்கு எண்ணெய் தடவ மறக்காதே.

இப்படிக்கு,
(இன்ஜினியர் என்று போடவில்லை, கவனி)
உன் வெல்டர் சித்தப்பா