உப்பு கடைசியில்

ஜமுனாமரத்தூர்,
வியாழக்கிழமை

அன்பு மகள் நதியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். டெக்சாஸ் வெயிலில் வாடாமல் நீயும் மாப்பிள்ளை சிவசங்கரும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். என் பங்குக்கு அது உண்மை, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முழங்கால் மட்டும் படியேறும்போது முனகுகிறது. அம்மாவின் பங்குக்கு அப்படி ஒரே சொல்லில் எழுத முடியவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தால் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள், வாட்ஸ்அப்பில் எழுதினால் பின்னால் நின்று படிக்கிறாள். தபால் வந்து சேர இரண்டு வாரம் ஆகும், ஆகட்டும்.

போன மாதம் நீ என்னிடம் கேட்டாய், இன்னிக்கு இன்னா சமையல்மா என்று ஆரம்பித்தாலே அம்மா ஏன் போனை உங்களிடம் கொடுத்துவிடுகிறாள், என்மேல் கோபமா என்று. ஏதோ வேலையாக இருந்திருப்பாள் என்று மழுப்பினேன். உன்மேல் ஒரு கோபமும் இல்லை. மார்கழியில் வந்த காய்ச்சலோடு அவளுக்கு வாசனை தெரியாமல் போனதை நீ அறிவாய், கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது என்று நாங்கள் சொன்னது பொய். இன்னும் திரும்பவில்லை. வேலூரில் பார்த்த மருத்துவர் கிராம்பு, எலுமிச்சைத் தோல் என்று நாலு பொருளைத் தினமும் முகர்ந்து பழகச் சொன்னார், வரலாம், நாளாகும், உறுதி சொல்ல முடியாது என்றார். அவளும் தவறாமல் முகர்கிறாள். எதை முகர்ந்தாலும் தண்ணி மாதிரி கீது என்கிறாள்.

நீ இந்த வீட்டில் வளர்ந்தவள், அம்மா உப்புப் பார்க்கும் விதம் உனக்குத் தெரியும். விளக்கின் முன் ஒரு கரண்டி வைத்து, காக்கைக்கு ஒரு பிடி வைத்த பிறகுதான் சமைத்தது எதுவும் வாயில் படும். அதற்கு முன் நாக்கில் வைத்தால் எச்சில். ஆகவே கொதிக்கும் குழம்பின் ஆவியில் முகத்தைக் காட்டி, போதும் அல்லது போதாது என்று சொல்லிவிடுவாள். உப்புக்கு வாசனை கிடையாது என்று அறிவியல் வாத்தியாரான எனக்குத் தெரியும், ஆனாலும் உப்புச் சேர்ந்ததும் புளியும் மல்லியும் எழுந்து வருகிற விதத்தில் அவள் கண்டுபிடித்தாள், முப்பத்தாறு வருடத்தில் தவறியதாக எனக்கு நினைவில்லை. தை மாதம் கணியம்பாடியில் உன் அத்தை காந்தா வீட்டில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தபோது தவறியது. வழக்கம்போலக் குழம்பு அம்மாவின் பொறுப்பு. உப்பைப் போட்டு முகர்ந்திருக்கிறாள், ஒன்றும் தெரியவில்லை, போட மறந்துவிட்டோம் என்று நினைத்து இன்னொரு கை போட்டிருக்கிறாள். படையல் முடிந்து நாற்பது பேர் இலையில் உட்கார்ந்த பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. இன்னா அண்ணி, உப்பு மூட்டைய சும்மா குடுத்துட்டாங்களா என்று காந்தா கேட்டாள். அவள் வாய் உனக்குத் தெரியும், மனதில் ஒன்றும் கிடையாது. பந்தி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன் நதியா. அதைத்தான் ஆறு மாதமாக உன்னிடம் சொல்ல முடியாமல் இருந்தேன்.

மறுநாள் வீட்டுக்கு வந்ததும் கரண்டியைக் கழுவித் துடைத்து என்னிடம் கொடுத்தாள், இனிமே நீங்களே பாத்துக்கோங்க என்றாள். அன்றிலிருந்து சமையல் என்னுடையது. ரசம் வந்துவிட்டது, கீரைக் கடையலும் சுமாராக வருகிறது. அவள் கூடத்தில் உட்கார்ந்து கேட்டதற்குப் பதில் சொல்வாள், அடுப்படிப் பக்கம் வருவதில்லை. நான் செய்ததை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறாள், ரவிக்கையெல்லாம் தளர்ந்து இரண்டு முறை பிடித்துத் தைத்தாயிற்று. சித்திரையில் காந்தா போன் செய்து, ஆடிக் கூழுக்கு இந்தத் தடவ ஆள் வெச்சிக்கலாம்ணா, அண்ணி ரெஸ்ட் எடுக்கட்டும் என்றாள். ஸ்பீக்கரில் இருந்தது, அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். நல்ல மனதோடு சொன்னதுதான், ஆனால் அன்று ராத்திரி அந்த இரண்டு வாயும் இறங்கவில்லை.

எனக்குத் தெரிந்த வழி பாடம் நடத்துவதுதானே, நடத்தினேன். வகுப்பில் நான் செய்துகாட்டும் சோதனை உனக்கு நினைவிருக்கும், மூக்கைப் பொத்திக்கொண்டு சீரகத்தை மென்றால் வைக்கோல் மாதிரி இருக்கும், உப்புக்கல் அப்போதும் கரிக்கும், சர்க்கரை அப்போதும் இனிக்கும். உனக்குப் போனது மூக்குதான் சுந்தரம், நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்புத் தெரிந்துவிடும் என்று உன் அம்மாவுக்குப் படம் போட்டுக்கூட விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எச்சில் பண்ணிட்டு சாமிக்கு வெக்கச் சொல்றீங்க, நல்லா கீது உங்க சயின்ஸு என்றாள். 

இந்த நிலையில்தான் நீ அந்தப் பழ சல்சா படத்தை அனுப்பினாய். பக்கத்து வீட்டு மெக்சிகோக்கார அம்மாள் கற்றுக்கொடுத்தார், மாம்பழம், அன்னாசி, வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லி எல்லாம் பொடியாக நறுக்கி எலுமிச்சை பிழிந்தால் முடிந்தது, அடுப்பே வேண்டாம், அம்மாவுக்கு வெயிலுக்கு நன்றாக இருக்கும் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குத் தோன்றியது, இதில் முகர்ந்து பார்க்க வேண்டியது கொஞ்சம், பல்லிலும் நாக்கிலும் படுவதுதான் அதிகம் என்று. கண்ணமங்கலம் போகிற ஜீப்காரர் மாதையனிடம், கனிந்தும் கனியாமல் கெட்டியாக நாலு மாங்காய் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். கொண்டுவந்து கொடுக்கும்போது, இன்னா சார், இந்த வயசுல வூட்டுல அம்மாவுக்குப் புளிப்பு கேக்குதா என்றார். உள்ளேயிருந்த அம்மாவுக்குக் கேட்டுவிட்டது, வரும்போதெல்லாம் இங்கே டீ குடிக்கிற அவருக்கு ஒரு நாள் டீ கட் என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாவற்றையும் நறுக்கினேன். பிறகு நான் செய்ததைக் கேட்டால் என்னிடம் படித்தவர்கள் யாரும் நம்பமாட்டார்கள். மாங்காயையும் மிளகாயையும் ஒன்றாகப் பார்த்ததும் கை தானாக ஊறுகாய்க்குப் போய்விட்டது. நாலு கை கல்லுப்பைப் போட்டுக் குலுக்கி, பீங்கான் ஜாடியில் நிரப்பி, வாயில் வெள்ளைத் துணி கட்டி, ஜன்னலோர வெயிலில் வைத்துவிட்டேன். உருளைக்கிழங்கைக் குடைந்து உப்பு வைத்தால் தண்ணீர் வெளியே வரும், இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர் என முப்பத்தோரு வருடம் நடத்தியவன் நான். மத்தியானம் துணியை அவிழ்த்தால் பழமெல்லாம் தண்ணீரில் மிதக்கிறது. அம்மா எட்டிப் பார்த்து, இதுல மீன் எப்ப வுடப் போறீங்க என்றாள். ஆனால் ஒன்று, அதைப் பார்க்க அவள் அடுப்படி வாசல் வரைக்கும் வந்திருந்தாள். உனக்குப் படம் அனுப்பினேன், அப்பா, உப்பு கடைசியில, சாப்பிடறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி என்று பதில் போட்டாய்.

செவ்வாய்க்கிழமை மறுபடி உட்கார்ந்தேன். என் நறுக்கலில் ஒன்று பகடைக்காய் அளவு, ஒன்று கடுகளவு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், பழத்துக்கு வலிக்குது, நவுருங்க என்று அரிவாள்மணையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மாம்பழம், அன்னாசி, வெங்காயம் எல்லாம் ஒரே அளவு, பாசிமணி மாதிரி. கொத்தமல்லியை நறுக்கியதும் பழக்கத்தில் விரலை மூக்கருகே கொண்டுபோனவள், பாதியில் கையை இறக்கிவிட்டாள். நான் பார்க்காத மாதிரி எலுமிச்சையைப் பிழிந்துவிட்டு, உப்பு டப்பாவைத் திறந்தேன். இருங்க என்றாள். சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு போய் விளக்கின் முன் வைத்துவிட்டு வந்தாள், புதுசா செஞ்சது, சாமிக்கு வெக்காம எப்படி என்றாள். பிறகு, இப்ப போடுங்க என்றாள். போட்டேன். படையல் முடிந்துவிட்டது, இனி எச்சில் ஏது, அதனால் யோசிக்காமல் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு கம்மியா கீது என்றாள்.

அந்த வார்த்தையை இந்த வீட்டில் கேட்டு ஆறு மாதம் ஆகிறது. நான் வாயில் போட்டுப் பார்த்தேன், கம்மிதான். ஒரு சிட்டிகை போட்டாள், மறுபடி பார்த்தாள், இப்போது சரி என்றாள், சரியாகத்தான் இருந்தது. அப்பளம் பொரித்து உடைத்து அதில் அள்ளிச் சாப்பிட்டோம், நீங்கள் சோளச் சில்லில் அள்ளுகிறீர்களே அதுபோல. மாம்பழம்னு தெரியல, ஆனா இனிக்குது, மிளகா சுடுது, வெங்காயம் கறுக்குனு கீது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே ஒரு கிண்ணத்தை முடித்தாள். நான் எதையும் விளக்கவில்லை. விளக்க வேண்டும்போல் நாக்கு துறுதுறுத்தது, அப்பளத்தைப் போட்டு அடைத்துக்கொண்டேன். கிண்ணத்தைக் கழுவும்போதுதான் அவளாகச் சொன்னாள், ஏங்க, சாமிக்கு உப்புப் போடறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சிட்டேன் பாத்தீங்களா என்று. ஆமாம் என்றேன். நம்ம சாமி கோவிச்சிக்குமா என்றாள். உப்பில்லாமல் படைக்கிற கோயில்கள் எத்தனையோ இருக்கின்றன என்று மட்டும் சொன்னேன்.  நேற்றும் சமையல் நான்தான் செய்தேன். இன்றும் நான்தான். அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரியவில்லை, கேட்கவும் பயமாக இருக்கிறது. கொல்லையில் துணி எடுக்கப் போனவள் வருகிற சத்தம் கேட்கிறது, மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

சனிக்கிழமை

இந்தக் கடிதத்தைப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருந்தேன், நேற்றுக் காலை அம்மா கண்டுபிடித்து முழுவதும் படித்துவிட்டாள். பந்தியில் உப்பு அதிகமானதைக்கூட எழுதிட்டீங்களா என்று கேட்டாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன். நீங்களும் சிரிச்சீங்கன்னு எழுதியிருக்கீங்களே, அப்ப சரி என்று மடித்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். வெள்ளிக்கிழமை ஆயிற்றே, குளித்துத் தலை துவட்டியிருந்தாள். முருங்கைக்காயும் கத்தரிக்காயும் போட்ட புளிக்குழம்பு, உப்பு மட்டும் போடாமல் கொதித்தது. ஒரு கரண்டியும் ஒரு பிடி சோறும் எடுத்து விளக்குக்கும் காக்கைக்கும் வைத்தாள், அதன் பிறகு குழம்பில் உப்புப் போட்டு உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்தாள், மறுபடி போட்டாள், மறுபடி வைத்தாள். மூன்று முறை. முன்பு ஒரே தடவையில் முடிகிற காரியம், இப்போது கால் மணி நேரம் ஆயிற்று. தாமதமாக உப்புப் போட்டதால் காயில் சரியாக ஏறவில்லை, குழம்பில் சரியாக இருந்தது. அதை அவளே கண்டுபிடித்து, அடுத்த தடவ சாமிக்கு எடுத்து வெச்சிட்டுப் பாதி கொதிலயே போட்டுடணும் என்றாள். தட்டில் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். வாசனை இன்னும் வரவில்லை, வராமலே போகலாம், அதை மறைத்து உனக்கு இன்னொரு பொய் எழுத மாட்டேன்.

சாப்பிட்டு முடித்துக் காந்தாவுக்குப் போன் போடச் சொன்னாள். ஆடிக்கு ஆள் வெக்காத, நான் வர்றேன் என்றாள்.  காந்தா உடனே, வாங்க அண்ணி, உப்பு நான் வாங்கி வெக்கட்டுமா, நீங்களே எடுத்துனு வர்றீங்களா என்றாள். அம்மா சொன்னாள், உப்ப நீ வாங்கி வெய், நாக்க நான் எடுத்துனு வர்றேன், உன்னுது மாதிரி நீளம் இல்ல, ஆனா வேலைக்கு ஆவும். அந்தப் பக்கம் காந்தா சிரித்தது இங்கே கூடம் வரைக்கும் கேட்டது.

இனி உனக்குச் சில விஷயங்கள். வாசனை வந்துச்சாம்மா என்று ஒவ்வொரு போனிலும் கேட்காதே, வந்தால் அவளே சொல்வாள். வேலை வேலை என்று இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, மாப்பிள்ளையையும் தள்ளிப்போட விடாதே. வெயிலில் கார் ஓட்டும்போது தண்ணீர் வைத்துக்கொள். உன் பக்கத்து வீட்டு அம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல், அவர் பண்டத்தை நாங்கள் அப்பளத்தோடு சாப்பிடுகிறோம் என்பதையும் சொல், கோபிக்க மாட்டார் என்று நினைக்கிறேன். நீங்கள் இருவரும் பசியறிந்து, ருசியறிந்து, குறையொன்றும் இல்லாமல் வாழ அப்பா அம்மாவின் ஆசிகள்.

ஒன்றை மறந்துவிடாதே. இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்று போன் செய்து, அம்மா எடுத்ததும் முதல் கேள்வியாக, இன்னிக்கு இன்னா சமையல்மா என்று கேள். போனை என்னிடம் கொடுக்க மாட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கோபால்சாமி