எட்டுத் தூண்களும் ஒரு வாளித் தண்ணீரும்

பிப்ரவரி 4, செவ்வாய்

மீன் கூடத்தின் எட்டுத் தூண்களையும் இன்று சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். நல்ல கான்கிரீட் 'டிங்' என்னும். உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, மேலே வெடித்து நிற்பது 'டொப்' என்னும். எட்டும் டொப். ஏழாவதிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து என் செருப்பிலேயே விழுந்தது. நாற்பது வருடத்துக்கு முன்பு எவனோ கடற்கரை மணலை அப்படியே அள்ளிப் போட்டுக் கட்டியிருக்கிறான். அந்த உப்புதான் இத்தனை நாளாகக் கம்பியைத் தின்கிறது. அவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்.

நகராட்சி சொன்னது இதுதான்: முதலில் நான்கு தூண். டகோராடி நகரத்திலிருந்து வரும் ஆய்வாளர் பார்த்து அது தேறினால் மீதி நான்கு. தேறாவிட்டால் கூடத்துக்குப் பூட்டு. நூற்றிருபது பெண்கள் மீன் தட்டோடு ரோட்டோர வெயிலுக்குப் போகவேண்டியதுதான்.

என் சொந்தப் பெயரில் வந்த முதல் ஒப்பந்த வேலை. பயத்தில் புளித்த சோள மாவில் அவித்த கெங்கே உருண்டை இரண்டு கூடுதலாகத் தின்றுவிட்டேன்.

பிப்ரவரி 5

மீன் ராணி அபா குவெய்னூவைப் பார்த்தேன். கூடத்துப் பெண்களின் தலைவி. கரையேறும் மீனுக்கு விலை சொல்வது அவர்தான். எல்லோருக்கும் அபாம்மா. ஏழாவது தூணடிதான் அவர் இடம். பத்து நாள் கூடத்தை அடைத்துக் கொடுங்கள் என்று பணிவாகக் கேட்டேன்.

"பத்து நாளா? அதுவரைக்கும் மீனு உன் மாமியார் வீட்ல போயி தங்கிக்குமாடி?"

எனக்கு மாமியாரே இல்லை என்றேன்.

"அதான் இம்புட்டு தைரியமா பேசுற."

கடைசியில் ஒப்பந்தம்: இடிப்பதும் வார்ப்பதும் செவ்வாய்க்கிழமை மட்டும். செவ்வாய் கடலுக்கு ஓய்வு. படகு இறங்காது, மீன் வராது, கூடம் காலி. மற்ற நாளில் பலகைத் தடுப்புக்குப் பின்னால் சத்தமில்லாமல் கம்பி கட்டிக்கொள்ளலாம்.

"உன் பேரு அராபாதானே? அந்தப் பேரு வச்சாலே செவ்வாக்கிழம பொறந்தவ! கடலே படுத்துத் தூங்குற நாள்ல இவ வேலைக்கு வர்றாளாம்." கூடமே சிரித்தது. நானும்தான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. இரும்பு ஜாக்கிகளால் கூரையைத் தாங்க வைத்துவிட்டு, உளுத்ததையெல்லாம் உடைத்துத் தள்ளினோம். ஏழின் உள்ளே கட்டைவிரல் பருமன் இருக்கவேண்டிய கம்பி, பென்சில் மாதிரி. கொத்தனார் எகோ ஒரு துண்டை எடுத்துக் காதில் செருகிக் காட்டினான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

துருவைத் தேய்த்து, பழைய தூணைச் சுற்றிப் புதுக்கம்பிக் கூண்டு கட்டி, இன்று கான்கிரீட் சட்டை வார்த்தோம். ஆற்று மணல், குழாய்த் தண்ணீர். ஒவ்வொரு மூட்டை மணலையும் நானே பார்த்தேன்.

சாயங்காலம் அபாம்மா வந்து ஏழாவது தூணைச் சாணால் அளந்தார். "என் எடத்துல அரை சாண் காணோமே! தூணுக்கு வைத்தியம் பாக்கச் சொன்னா, சோறு போட்டுக் கொழுக்க வச்சிருக்க."

வடக்கே இருந்து புழுதிக்காற்று வேறு வறட்சியாய் அடிக்கிறது. பலகை பிரித்ததும் ஈரச்சாக்கு சுற்றிவிடுவோம், ஏழு நாள் அது காயவே கூடாது என்று சொன்னேன்.

"காயாது. எங்ககிட்ட வுட்டுடு."

பிப்ரவரி 20

காலையில் போனபோது சாக்குகள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. என்ன அருமையான பெண்கள்!

பிப்ரவரி 22

சாக்கின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. சுண்ணாம்பாக இருக்கும் என்று நினைத்தேன். விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

கடல் தண்ணீர்! பெண்கள் முறை போட்டு, விடியுமுன்பே தொடங்கி, தலையில் வாளி சுமந்து, ஒரு நாளைக்கு மூன்று தடவை. குழாயடியில் கூட்டம், கடல் இருபது காலடி தூரத்தில். எகோவிடம் கத்தினேன். "நான் வர்றதுக்குள்ளயே நனைச்சிருந்தாங்கக்கா. நல்ல மனசுன்னு நினைச்சேன்." நல்ல மனசுதான், அதைத்தானே திட்ட முடியவில்லை!

யார் தப்பு? காயக்கூடாது என்று சொன்னேன். எந்தத் தண்ணீர் என்று சொன்னேனா? இல்லை. நாற்பது வருடத்துக்கு முந்தைய அந்த ஆளைத் திட்டினேனே — இப்போது நான்?

அபாம்மாவிடம் சொன்னபோது அவர் முகம் விழுந்துவிட்டது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. சாக்கை எல்லாம் உரித்து, குழாய்த் தண்ணீரால் கழுவினோம். அவர்தான் முதல் வாளி.

பிப்ரவரி 23, ஞாயிறு

மேலே ஒரு பூச்சு அடித்துவிட்டால் ஆய்வாளருக்குத் தெரியவே தெரியாது. தேவாலயத்தில் உட்கார்ந்து முழு நேரமும் இதையே யோசித்தேன். பாட்டு வரி ஒன்றுகூட வாயில் வரவில்லை.

சொல்லிவிடப் போகிறேன். பூட்டு விழுந்தால்? தெரியவில்லை. சொல்லத்தான் போகிறேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஆய்வாளர் ஒட்டூ வந்தார். கோப்பைத் திறப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி துடைத்தார்.

"உப்பு எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு பாக்கணும். ஒரு தூணை உடைங்க. எதை உடைக்கலாம்?"

"ஏழாவத உடைங்க," என்றார் அபாம்மா. "மொத வாளி கடத்தண்ணி நான்தான் ஊத்துனேன்."

எகோ ஒரு கைப்பிடி அளவு பெயர்த்தான். உடைந்த பரப்பில் மருந்து தெளித்தார் ஒட்டூ. உப்பு இருந்தால் வெள்ளையாகும், இல்லாத இடம் பழுப்பாகும். காத்திருந்தோம். எட்டிப் பார்க்க வந்த பெண்கள் என் தோளுக்கு மேல் கழுத்தை நீட்டினார்கள்.

ஓரத்தில் நகக்கண் அகலத்துக்கு வெள்ளை. அதற்குள்ளே முழுக்கப் பழுப்பு. கம்பி இன்னும் நான்கு விரல் உள்ளே.

"மேல்தோலைச் செதுக்கி எடுத்துட்டு, நல்ல தண்ணியில கழுவி, புதுசா பூசிடுங்க. மீதி நாலையும் ஆரம்பிக்கலாம்." போகும்போது என்னிடம் மட்டும்: "சொல்லாம இருந்திருந்தா நான் கண்டுபிடிச்சிருப்பேனான்னு தெரியலம்மா."

அழுதேன். சிமெண்ட் கண்ணில் பட்டுவிட்டது என்று எகோவிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை.

மார்ச் 13

மீதி நான்கையும் முந்தாநாள் வார்த்தாயிற்று. குழாயடியிலிருந்து கூடம் வரை பெண்கள் வரிசை. வாசலில் அபாம்மா முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வாளியிலும் விரலை விட்டு நக்கிப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்.

"மதியச் சாப்பாடே எறங்கல, தண்ணியிலயே வயிறு நெறஞ்சிருச்சு," என்கிறார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஜாக்கிகளை இறக்கினோம். எல்லோரும் வெளியே நிற்கவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஏழாவதில் கடைசி ஜாக்கி. எகோ மெல்லத் திருகினான். கூரையில் ஒரு சத்தமும் இல்லை. நான் மூச்சுவிடுவதற்குள் அபாம்மா முக்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். தூணில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டினார்.

"கொழுத்த தூணுதான் முதுகுக்குச் சொகமா இருக்கு."

ஜூன் 11

ஊர்ப்பக்கம் போகும் வழியில் கூடத்தில் இறங்கினேன். தூண்களைத் தட்டிப் பார்க்கலாம் என்று பையில் சுத்தியல். நல்ல கூட்டம். அபாம்மா ஒரு படகுக்காரரோடு விலைச் சண்டையில் இருந்தார், என்னைக் கவனிக்கவில்லை. தரை கழுவ ஒருத்தி வாளியோடு அவரைத் தாண்டினாள். அபாம்மா திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினார். அவளும் கேட்காமலே நின்றாள். வாளியில் விரல், விரல் நாக்கில், ஒரு தலையசைப்பு. சண்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது, வாளி ஏழாவது தூணடிக்குப் போனது.

நான் சுத்தியலை எடுக்கவே இல்லை.