உன் கட்டுரையில் இருந்த என் அப்பா

உன் ஹூடியை, உன் அம்மா கொடுத்த பையிலிருந்து நேற்றுதான் வெளியே எடுத்தேன். நெஞ்சில் உன் பல்கலைக்கழகத்தின் சின்னம், உள்ளே ரசகற்பூர உருண்டை வாசனை. தூத்துக்குடி வெயிலில் இதை யார் போடுவார்கள்? இருந்தும் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன். வேர்த்து ஊற்றியது, ஆனாலும் கழற்ற மனம் வரவில்லை. நீ போய் ஏழு மாதமாகிறது. உன்மேல் எனக்கிருந்த பொறாமை மட்டும் இன்னும் போகவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பிரவுசிங் சென்டரில் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோமே, நினைவிருக்கிறதா? அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாறு ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. வடக்கே கோதுமை வயலுக்கு நடுவில் நாலைந்து பணக்காரர்கள் சேர்ந்து கட்டியது. நம்மைவிட வயதில் சின்னது என்று நீ சிரித்தாய். கட்டண விவரத்தைப் பார்த்த உன் அம்மா, நாசரேத்தில் அத்தனை வருஷம் டீச்சராக இருந்தவர்கள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்கள். ஒரு வருஷப் படிப்புக்கு ஆகிற காசில் ஃபைபர் படகும் எஞ்சினும் வாங்கிக் கடலில் இறக்கிவிடலாம் என்றார் என் அப்பா. முழு உதவித்தொகை கிடைத்தால்தான் உண்டு. அதற்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும், உங்களைப் பாதித்த ஒரு மனிதரைப் பற்றி.

நான் ஒரு விஞ்ஞானியைப் பற்றி எழுதினேன். அப்பாவின் தொழில் என்ற இடத்தில் 'சொந்தத் தொழில்' என்று போட்டேன். சங்கு குளிக்கப் போகிறவர் என்று எழுத எனக்கு வெட்கம். அப்போதுதான் நீ கேட்டாய்:

"ஏளா, நான் ஒங்கப்பாவப் பத்தி எழுதட்டா?"

"எழுதேன். எனக்கென்ன?"

பெருந்தன்மையாகச் சொன்னேன் என்று கடைசிவரை நினைத்திருந்தாய். அப்படி இல்லை. இதை எழுதினால் உனக்குக் கிடைக்காது என்று நினைத்துத்தான் சொன்னேன்.

உனக்குக் கிடைத்தது. எனக்கு, வருந்துகிறோம் என்று இரண்டு வரி வந்தது.

அதற்குப் பிறகு நாலு வருஷம் உன் படங்களைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தேன். வரலாறு படிக்கிறவள் வானியல் வகுப்பில் இருக்கிறாய், நாடகத்தில் நடிக்கிறாய். பேராசிரியரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாய், அவரும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். அங்கே திரியும் நாய்களுக்குக்கூடப் பெயர் வைத்திருந்தீர்கள். நான் இங்கே துப்பட்டாவில் ஊக்குக் குத்தாததற்கு பி.காம். வகுப்புக்கு வெளியே நின்றேன். இப்போது கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் கன்டெய்னர் நம்பர் அடிக்கிறேன். நீ போன் செய்தால் பாதி நாள் எடுக்க மாட்டேன். காய்ச்சல் என்று படுத்து நீ திரும்ப எழும்பாமலே போன அந்த வாரமும் கூப்பிட்டிருந்தாய். எடுக்கவில்லை.

உன் அம்மா ஹூடியோடு ஒரு ஃபைலும் கொடுத்தார்கள். அதில் அந்த ஆங்கிலக் கட்டுரை இருந்தது. கொடுத்த அன்றுதான் முதல் தடவை வாசித்தேன். அப்பா கடலுக்கடியில் மூச்சை 'அருள் நிறைந்த மரியே' சொல்லித்தான் கணக்குப் பார்ப்பாராம். ஒரு மூச்சுக்கு ஒன்பது. ஏழு முடிந்ததும் காலை உதறி எழும்ப வேண்டும், மிச்சம் இரண்டும் மேலே வருவதற்கு. சங்கு ஊர்ந்த தடம் மணலில் எப்படித் தெரியும் என்றும் எழுதியிருந்தாய். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாய். மாதாவிடம் செபிக்காத சி.எஸ்.ஐ. சபைப் பிள்ளை நீ, அந்தச் செபத்தையே அவரிடம்தான் படித்திருக்கிறாய். நான் ஒருநாளும் எதையும் கேட்டதில்லை.

அப்பாவுக்கு இப்போது வலது காது மட்டும் கொஞ்சம் கேட்கும். அந்தக் காதில் சத்தமாகத் தமிழில் சொல்லிச் சொல்லி முழுவதையும் வாசித்துக் காட்டினேன். முடிந்ததும் தாளை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"ஏளா, இத நீ எப்ப எழுதுன? என்னய இம்புட்டு கவனிச்சிருக்கியா?"

உன் பேரைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்காக அவர் கலங்கிப் பார்த்ததே இல்லை. தலையை ஆட்டிவிட்டேன்.

அந்தத் தாளை வாங்கி பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். மேலே ஆங்கிலத்தில் உன் பெயர் இருக்கிறது, அவருக்கு வாசிக்கத் தெரியாது. கரையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் எம்மவ எழுதியிருக்கா என்கிறார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா அவரைப் பார்க்க வருகிறார்கள். அதற்குள் நானே சொல்லிவிடுவேன், சத்தியமாகச் சொல்லிவிடுவேன். இன்று வியாழன்தானே. ஞாயிறு வரைக்கும் அந்தக் கட்டுரை என்னுடையதாக இருந்துவிட்டுப் போகட்டும். என் அப்பாவை நீ நாலு வருஷம் அதில் வைத்திருந்தாய்.