யாரும் கேட்காத சம்மதம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் உடலளவில் நலமாகவே இருக்கிறோம். அங்கே நீ உடலாலும் மனத்தாலும் நலமாயிருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல். உன் அப்பாவின் முழங்கால் வலி தணிந்திருக்கிறது, மாடிக் குழாயின் ஒழுக்கு மட்டும் நின்றபாடில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். உன் குரலைக் கேட்டால் நான் என் பக்கத்து நியாயத்தைப் பேசத் தொடங்கிவிடுவேன்; ஆகவேதான் எழுதுகிறேன்.

சென்ற வாரம் ஒரு மாலை, உன் தம்பி யார் வீட்டிலோ பூட்டு மாற்றும் வேலையை முடித்துவிட்டு, கண் மருத்துவரிடம் போயிருந்த என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தான். பாலத்து இறக்கத்தில் காவலர் ஒருவர் கைகாட்டி நிறுத்தினார். தம்பி ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, இரு கைகளையும் ஸ்டீயரிங்கின் மேல் வைத்துக்கொண்டு, எதற்காக நிறுத்தினீர்கள் என்று பணிவாகக் கேட்டான். பின்விளக்கு எரியவில்லை என்றார். கேட்ட காகிதங்களைக் கொடுத்தான். எல்லாம் நீ போனில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே நடந்தது. நேர்மையாக வாழ்கிறவர்களுக்கு எதற்கு இந்தப் பாடம் என்று பக்கத்திலிருந்து நான் சிரித்தது அன்றைக்கு உனக்கும் கேட்டிருக்கும். பிறகு காவலர், "டிக்கியத் தொற, பாக்கணும்" என்றார். "சோதனைக்கு நான் சம்மதிக்கலைங்க சார், வெளக்குக்கு அபராதம் போடுங்க, கட்டிடறேன்" என்றான் இவன். "ஏன், உள்ள என்னத்த ஒளிச்சு வச்சிருக்க?" என்று அவர் குரலை உயர்த்த, பின்னால் நின்ற பேருந்தின் ஜன்னலெல்லாம் தலையாக முளைத்தது. தம்பி மறுபடியும் அதையே, அதே மரியாதையோடு சொன்னான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. கண்ணாடியை இறக்கி, "ஐயா, மறைப்பதற்கு எங்களிடம் எதுவுமில்லை, தாங்கள் தாராளமாகச் சோதித்துக்கொள்ளலாம்" என்றேன். "பெத்தவங்களே சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன?" என்று அவர் பின்பக்கம் போய்விட்டார். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

டிக்கியில் இருந்தவை அவன் பிழைப்புக்குரியவை: பூட்டைத் திறக்கும் மெல்லிய கம்பிகள், அரங்கள், வளையம் வளையமாகச் சாவிகள். "பூட்டு ரிப்பேர் பண்றியா, இல்ல கன்னம் வைக்கிறியா?" என்று கேட்டார் காவலர். தொழில் உரிமமோ கடைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. அப்படி மாட்டி வைத்தால்தான் மதிப்பு என்று அடம்பிடித்தவளும் நான்தான். கருவிப் பெட்டியோடு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, விசாரணை என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் உரிமத்தைக் கொண்டுபோய்க் காட்டியும் பெட்டி திரும்பவில்லை. உன் தம்பி தினமும் வழக்கமான நேரத்துக்கே வெறுங்கையோடு கடைக்குப் போய் உட்கார்ந்து, வருகிறவர்களையெல்லாம் வேறு கடைக்கு அனுப்பிவிட்டு வருகிறான். உன் அப்பா, "போலீஸ்காரருக்கு வரவேற்புரை வாசிச்ச ஒரே ஆளு உங்கம்மாதான்" என்கிறார். இவன் அதற்குக்கூடச் சிரித்தபடி, "விடுங்கப்பா, அம்மா நல்லதுக்குத்தான் சொன்னாங்க" என்கிறான். உண்மை அதுவன்று, மகளே. அவன் நன்மையை நான் அந்தக் கணம் எண்ணவேயில்லை. அத்தனை பேர் பார்க்க என்னையும் திருட்டுக் கும்பலில் ஒருத்தியாக எண்ணிவிடுவார்களோ என்ற கூச்சத்தில், நான் கௌரவமானவள் என்று காட்டிக்கொள்வதற்காகவே பேசினேன். பள்ளிப் படியேறாமல் நானே கற்ற தமிழ் என்று நான் பெருமை கொண்டாடும் அந்தத் தமிழிலேயே பேசினேன்.

காவலர் எழுதிய அறிக்கையில், ஓட்டுநரின் சம்மதத்தோடு சோதனை நடந்ததாக இருக்கிறதாம். அது நிலைத்துவிட்டால் பெட்டி எளிதில் வராது, உரிமத்துக்கும் சிக்கல் வரலாம் என்கிறார் நாங்கள் போய்ப் பார்த்த வழக்கறிஞர் அம்மாள். நடந்ததை நானே எழுதித் தர வேண்டும் என்றார். இரண்டு பக்கம் எழுதினேன். காவலரின் அதட்டல், என் கண்ணில் விட்டிருந்த மருந்து, பேருந்தின் கூட்டம் எல்லாம் வந்துவிட்டன. அந்த அம்மாள் பொறுமையாகப் படித்துவிட்டு, "அக்கா, எழுத்து பிரமாதம். ஆனா இதுல உங்களத்தான் காப்பாத்தியிருக்கீங்க, உங்க மகன இல்ல" என்றார். திரும்ப எழுதினேன். என் மகன் இரண்டு முறை மறுத்தான். யாரும் கேட்காமலேயே நான் சம்மதம் சொன்னேன். அந்த வண்டி என்னுடையதன்று. அவ்வளவுதான். இதுவரை நான் எழுதியவற்றில் இவ்வளவு கனமான வரிகள் வேறில்லை. நாளைக் காலை காவல் நிலையத்துக்குப் போய் அதிகாரியின் முன் இதையே வாயாலும் சொல்ல வேண்டும். அவர் என்னை என்ன நினைப்பார் என்பதைப் பற்றி எண்ணாமல் சொல்லிவிட்டு வர வேண்டும். அது ஒன்றுதான் எனக்குப் பயம்.

எனக்கு ஆறுதல் எழுதாதே. தம்பியிடம் ஒரு வார்த்தை பேசு. எல்லா நலமும் பெற்று, தலை நிமிர்ந்து வாழ்வாயாக. நீ இருக்கும் ஊர்ச் சட்டம் எப்படியென்று அங்குள்ளவர்களிடம் விசாரித்து வைத்துக்கொள். உன் வண்டியை யாராவது நிறுத்தினால் மரியாதையாகப் பேசு, பேச வேண்டியதை மட்டும் பேசு. பக்கத்து இருக்கையில் இருப்பவரை உனக்காகப் பேச விடாதே, அது நானாகவே இருந்தாலும்.

உன் நலமே நாடும்,
அம்மா